பூட்டு உயரம்

கடைக்குள் எல்லாரும் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். யாராவது திறக்க வேண்டும் என்பதற்காக அல்ல, மரம் கெட்டியா, உள்ளே பொந்தா என்று தெரிந்துகொள்வதற்காக. விரல் முட்டியால் தட்டினார்கள், மோதிரத்தால் தட்டினார்கள், வண்டிச் சாவியால் தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார்கள். கதவுகள் தத்தம் நிலையோடு வரிசையாக, சுற்றிலும் சுவரே இல்லாமல், நடுக்கூடத்தில் நின்றன. ஒன்றைத் திறந்தால் அப்பால் வீடு இல்லை, இன்னொரு கதவின் முதுகுதான் இருந்தது. ஏசியின் குளிர் தனபாக்கியத்தின் கணுக்காலில் ஏறியது. பாலிஷ் வாடையும் குளிரும் சேர்ந்ததும் அவளுக்கு வாடகைக்கு வந்த ஐஸ் பெட்டி ஞாபகம் வந்தது. அதற்குள் அவள் புருஷன் அருணகிரி படுத்திருந்தார். கண்ணாடி மூடியில் ஈரம் பூத்திருந்தது. யாரோ துண்டால் துடைத்தார்கள், துடைத்தும் போகவில்லை, ஈரம் உள்பக்கம் இருந்தால் வெளியே துடைத்து எப்படிப் போகும் என்று அந்த அழுகைக்கு நடுவிலும் அவள் நினைத்தாள். இப்போது பக்கத்து வரிசையில் சாவியால் ஒருவர் தட்டினார். டக், டக். தனபாக்கியத்தின் வாய் தானாகவே "வாங்க" என்றது. மகன் தயாநிதி போனிலிருந்து தலையைத் தூக்கினான். "யாரும்மா?" என்றான். "ஒண்ணுமில்ல" என்றாள். "நீ கதவு பாக்குறியா, புடவை பாக்குறியா? ஒவ்வொண்ணையும் தடவிக்கிட்டே நிக்கிற. மேஸ்திரி சாயங்காலத்துக்குள்ள நிலை அளவு கேக்குறாரு" என்றான். ஓசூரில் கம்பெனி வேலை, ஒரு வார லீவில் திருச்சிக்கு வந்திருந்தான். வீட்டின் வாசலை மாற்றிவிட்டுத்தான் போவேன் என்று வந்திருந்தான்.

வாங்க என்று சொல்லி ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது, வாய்க்கு அது தெரியவில்லை. அருணகிரி கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்தவர், பெட்டகத்தைப் பூட்டிப் பூட்டிப் பழகின கை. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிதில் தெருவில் எங்கோ ஒரு பெண்ணின் சங்கிலியை அறுத்துவிட்டார்கள் என்று, வெளியே போகும்போது வாசல் கதவை இழுத்துச் சாத்தி, நாதாங்கியில் பித்தளைப் பூட்டைப் போட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார். நீ உள்ளே நிம்மதியா இரு என்றார். கொல்லைக் கதவு இருந்தது, வீட்டுப் பொம்பளைக்கு அது வழியில்லை என்றார். அவள் உள்ளே நிம்மதியாக இருந்தாள். ஓய்வு பெற்ற பிறகும் சாயங்கால நடைக்குப் போகும்போது அதே பூட்டு. சாவி அவர் அரைஞாண் கயிற்றில். இன்னொரு சாவி செய்து கொடுங்கள் என்று கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை, அல்லது தோன்றி, அது எதற்கு என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் அப்படியே போய்விட்டது. ஆனால் ஒன்று, திரும்பி வந்ததும் அவர் நேராகத் திறந்துகொண்டு வரமாட்டார். சாவியாலேயே கதவைத் தட்டுவார். டக், டக். அவரால் மட்டுமே திறக்கக்கூடிய கதவு அது. இருந்தாலும் தட்டிவிட்டு நிற்பார். அவள் உள்ளேயிருந்து "வாங்க" என்று சொன்ன பிறகுதான் பூட்டைத் திறப்பார். ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கி, சொல்லத் தாமதமானபோது வெளியே அவர் இருமிக்கொண்டு நின்றது கேட்டது. பொறுமையாக நின்றார். அதை மரியாதை என்று அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு மாதிரியாகப் பார்த்தாள், அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று தனபாக்கியம் வெகுநாள் யோசித்துவிட்டு விட்டுவிட்டாள். இன்றைக்கு அந்தச் சாவி அவளுடைய கைப்பையில், மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது. குளிப்பாட்டுவதற்கு முன் கயிற்றை அறுத்து அவள் கையில் கொடுத்தார்கள். காலையில் தயாநிதி கேட்டபோது, தேடிப் பார்க்கணும்டா என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்பதுதான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் நினைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தது.

"அம்மா, இதைப் பாருங்க" என்றார் பிரிட்டோ. கடையில் விற்பனை பார்ப்பவர், கழுத்தில் சிலுவை டாலர், சட்டைப் பையில் டேப். "தேக்கு, முழுக்கட்டை. இந்தக் கதவை மருமக கோவிச்சுக்கிட்டுப் படார்னு சாத்தினாலும் சத்தம் வராது. கீல் அப்படி." "மருமக இன்னும் வரலீங்க" என்றான் தயாநிதி. "வராம எங்க போயிடுவாங்க. கதவு ரெடியா இருக்கட்டும் சார், மத்ததெல்லாம் தானா வரும்" என்றார் பிரிட்டோ. தானா வரும். எது தானாக வரும்? தனபாக்கியம் தேக்கின் ரேகையை விரலால் தொட்டுக்கொண்டே போனாள், ரேகை ஒரு முடிச்சில் போய்ச் சுழன்று நின்றது, அங்கிருந்து விரல் நகரவில்லை. இந்தக் கதவு போய் நிற்கப்போகிற இடம் எது என்று இந்த மனிதரிடம் சொன்னால் இப்படிச் சிரிப்பாரா. சதய நட்சத்திரத்தில் போனார் அருணகிரி. சதயம் என்றால் ஆறு மாதம் அடைப்பு. ஊரிலிருந்து வந்த பங்காளிகள் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கிக்கொண்டார்கள். வாசல் வழியா எடுக்கக் கூடாதுப்பா, வழி தெரிஞ்சிடும், திரும்பி வரும் என்றார் ஒருவர். 'வரும்' என்றார், 'வருவார்' என்று சொல்லவில்லை. முந்தின நாள் வரை அவர் என்று சொன்ன வாய்தான் அது. படுக்கையறையின் பக்கச் சுவரைக் கடப்பாறையால் இடித்தார்கள். செங்கல் உள்பக்கமாகச் சரிந்து ஐஸ் பெட்டியின் மேல் தூசி விழுந்தது. ஓட்டை பெரிதாகப் பெரிதாக அந்த அறைக்குள் வெயில் வந்தது. கட்டின நாளிலிருந்து அந்த அறைக்கு வெயில் வந்ததே இல்லை, குழல் விளக்கு வெளிச்சம்தான். வெயில் கட்டிலில் விழுந்தது, அலமாரியில் விழுந்தது, அவருடைய காலில் விழுந்தது. நன்றாக இருக்கிறதே என்று நினைத்தாள். புருஷன் பிணம் கிடக்கும்போது அறை நன்றாக இருக்கிறது என்று நினைத்த மனசு எப்படிப்பட்ட மனசு. அந்த வழியாக அவரை எடுத்துப் போனார்கள், கொத்தனார் உடனே கல்லை வைத்து அடைத்தார், வெயில் நின்றது. அறையைச் சாத்தினார்கள். ஆறு மாதம் அந்தி தோறும் அறை வாசலில் விளக்கு. வழி தெரிந்துவிடக் கூடாது என்று வாசல் கதவிலும் வெளியே அவருடைய பித்தளைப் பூட்டைப் போட்டார்கள். அவளுக்கு வரப்போக இருந்தது கொல்லைப்பக்கம்தான்.

அடைப்பு முடிந்தபோது வீட்டுக்கு முன்னால் மேம்பாலத்தின் சரிவுச் சுவர் எழுந்துவிட்டது. வாசல் கதவுக்கு வெளியே கைக்கெட்டும் தூரத்தில் சிமெண்டு. ஒரு சைக்கிளைக்கூடத் திருப்ப முடியாது. பக்கச் சந்துதான் இனிமேல் ரோடு. தயாநிதி வந்து பார்த்தான், அங்கே இங்கே டேப் பிடித்தான். "இந்த ரூமை ஹாலாக்கிடலாம்மா. வாசல் இங்க. ஏற்கெனவே இடிச்ச இடம், சுவர் கட்டாத மாதிரிதான் இருக்கு, ஒரு தட்டு தட்டினா விழுந்துடும்" என்றான். அவனும் தோள் கொடுத்தவன்தான். எந்த வழியாகத் தோள் கொடுத்தான் என்பது மறந்துவிட்டதா, மறக்கவில்லை, மறந்த மாதிரி பேசுவது அவனுக்குச் சுலபமாக இருக்கிறது. "அதுல போயா வாசல் வைக்கிறது?" என்று மட்டும் கேட்டாள். "ரோடு அங்கதானம்மா இருக்கு" என்றான். ரோடு அங்கேதான் இருக்கிறது. பழைய வாசலை என்ன செய்வது என்று வந்தபோது, மேஸ்திரி செங்கோடன் நிலையை ஆட்டிப் பார்த்துவிட்டு, பாலம் கட்டின அதிர்வுல இது இறுகிப்போச்சு, கழட்டினா மேலே விரிசல் விடும், கதவை அப்படியே விட்டுட்டு வெளிப்பக்கம் கல்லு வச்சு மூடிடலாம் என்றார். உள்பக்கம் பலகை அடிச்சு டிவியை மாட்டிக்கலாம் என்றான் தயாநிதி. அவர்கள் இரண்டு பேருக்கும் அது பிடித்துப்போயிற்று.

அவன் போன் அடித்தது. "சொல்லுங்க மேஸ்திரி... ம்... சரி, நடக்கட்டும்." வைத்துவிட்டு, "பழைய வாசல்ல வேலை ஆரம்பிச்சாச்சு. முழங்கால் உயரம் வந்துருச்சாம்" என்றான். முழங்கால். அவருக்கு இடது முழங்கால் மடங்காது. நிலைப்படியைத் தாண்டவே நிலையைப் பிடித்துக்கொண்டு, காலை ஒரு சாமானைத் தூக்குகிற மாதிரி தூக்கி வைப்பார். முன்னொரு தடவை குடிநீர்க் குழாய்க்காக வாசலுக்கு நேரே பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். கொல்லைப்பக்கமா போங்களேன் என்றாள். நான் என்ன பால்காரனா என்றார். பள்ளத்தின் மேல் பலகை போட்டு, அந்தக் காலை இழுத்துக்கொண்டு, வாசல் வழியாகத்தான் போனார். வாசல் வழியாகத்தான் வந்தார். அந்த மனிதர் சுவர் ஓட்டை வழியாகப் போயிருப்பாரா? இந்த இடத்தில் தனபாக்கியத்தின் நினைப்பு, புடவை ஆணியில் மாட்டின மாதிரி, சட்டென்று நின்றது. எடுத்துப் போனது உடம்பை. உடம்பு சொல்வதற்கு ஒன்றுமில்லை, நாலு பேர் தூக்கினால் போக வேண்டியதுதான். ஆனால் அவர்? இத்தனை நாளும் அவள் பயந்தது வேறொன்றுக்கு. அடைத்த ஓட்டையில் கதவு வைத்தால் அந்த வழியாக வந்துவிடுவாரோ என்று பயந்தாள், பங்காளிகள் பயந்ததும் அதற்குத்தான், எல்லாரும் வருவதைப் பற்றியே நினைத்தார்கள். வருவதற்குப் போயிருக்க வேண்டுமே.

அவள் ஒரு கதவைப் பிடித்துக்கொண்டாள். இரும்புக் கதவு, மரம் மாதிரி வர்ணம், தொட்டால் சில்லென்றிருந்தது. "உக்காருறீங்களாம்மா? தண்ணி கொண்டாரச் சொல்லவா?" என்றார் பிரிட்டோ. வேண்டாம் என்று தலையாட்டினாள். அடைப்பு மாதங்களில் அந்தி விளக்கு ஏற்றினால் சுடர் சாய்ந்து நின்றது. அறைப்பக்கம் சாயவில்லை, வாசல்பக்கம் சாய்ந்தது. காற்று என்று நினைத்தாள். மூடிய வாசலிலிருந்து ஏது காற்று? வாசல் கதவுக்கு உள்பக்கம் அவருடைய செருப்பு கிடந்தது, எடுத்துப் போடக் கூடாது என்று யாரோ சொன்னதால் கிடந்தது. பெருக்கும்போதெல்லாம் அதை நகர்த்தி வைப்பாள், எப்படி வைத்தோம் என்று ஞாபகம் இருக்காது, ஆனால் மறுநாள் அது வாசலைப் பார்த்தே இருக்கும். நானேதான் அப்படி வைத்திருப்பேன், வேறு எப்படி வைப்பது. பிறகு அந்தச் சத்தம். சாயங்காலம், அவர் நடைக்குக் கிளம்புகிற நேரத்தில், கதவில் ஓர் அசைவு. நாதாங்கியில் பூட்டு இடிக்கிற சத்தம், மெதுவாக, ஒரே ஒரு தடவை. ஒருவர் கதவை உள்ளேயிருந்து இழுத்துப் பார்த்துவிட்டு, பூட்டியிருக்கிறது என்று தெரிந்ததும் விட்டுவிடுகிற சத்தம். அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், கல்யாணமான புதிதில் அவளே அப்படி இழுத்துப் பார்த்திருக்கிறாள். தயாநிதியிடம் போனில் சொன்னபோது, "பாலத்துல லாரி போகுதும்மா, அதிர்வு" என்றான். பாலத்தில் அப்போது லாரி விடவில்லை, இன்னும் தார்கூடப் போடவில்லை. அதைச் சொன்னால் லீவு போட்டுக்கொண்டு வந்துவிடுவான், வந்து என்ன செய்வான்.

"இதுல லென்ஸ் இருக்கும்மா" என்று பிரிட்டோ இரும்புக் கதவின் நடுவிலிருந்த கண்ணைக் காட்டினார். "பெல் அடிச்சா யாருன்னு பாத்துட்டுத் திறக்கலாம். பாருங்க." அவள் கதவைச் சுற்றிக்கொண்டு போய், தெரியாமல் வெளிப்பக்கம் நின்று கண்ணை வைத்தாள். எதுவும் சரியாகத் தெரியவில்லை, எங்கோ ஆழத்தில் ஒரு சின்ன வெளிச்சம், அதற்குள் ஏதோ ஒன்று நகர்ந்தது, பெரிதாகவில்லை, அருகில் வரவும் இல்லை. "அது வெளிப்பக்கம்மா. அங்கேருந்து பாத்தா உள்ள இருக்கிறவங்க தெரியமாட்டாங்க" என்றார் பிரிட்டோ. உள்ளே இருக்கிறவர் தெரியமாட்டார். அவள் அங்கேயே கண்ணை வைத்தபடி நின்றாள். ஆக அவர் உள்ளே இருக்கிறார். வாசல் கதவுக்குப் பின்னால், செருப்பைப் போட்டுக்கொண்டு, நடைக்குக் கிளம்பி நிற்கிறார். வெளியே அவருடைய பூட்டு. சாவி இந்தப் பையில். யாராவது வந்து திறப்பார்கள் என்று நிற்கிறார், பொறுமையாக, இருமிக்கொண்டு. அவள் எத்தனையோ சாயங்காலம் நின்ற இடம் அது. கதவின் உள்பக்கம், தலைக்கு நேராக, எண்ணெய் பட்டுக் கறுத்த ஒரு வட்டம் இருக்கும், அவள் சாய்ந்து சாய்ந்து வந்த வட்டம். அவர் உயரமானவர், அந்த வட்டம் அவருக்கு நெஞ்சுக்கு வரும். இப்போது அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். இது என்ன கறை என்று யோசிப்பார். பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. பயம் வந்தது, ஆனால் அது கொஞ்ச தூரம் வந்துவிட்டு வேறு ஏதோவாக மாறி, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

மறுபடியும் போன். "இடுப்பு வந்தாச்சாம்மா" என்றான் தயாநிதி. "சீக்கிரம் சொல்லு. தேக்கா, இரும்பா? அழகு வேணும்னா தேக்கு. ஆயுசு வேணும்னா இது." இடுப்பு உயரத்தை அவரால் தாண்ட முடியாது. யாராவது கை கொடுத்தால்தான் முடியும். இப்போது வாயைத் திறந்து, டேய் நிறுத்தச் சொல்லு, சாவி இருக்கு, நான் போய் ஒரு தடவை திறந்துவிட்டு வருகிறேன், அப்பா போகட்டும், அதற்கப்புறம் மூடிக்கொள்ளுங்கள் என்றால் போதும். அவன் ஒரு மாதிரியாகப் பார்ப்பான், ஆனால் நிறுத்துவான், நல்ல பிள்ளை. ஆட்டோ பிடித்தால் போய்விடலாம். பூட்டைத் திறந்து, ஒதுங்கி நின்று, போயிட்டு வாங்க என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாமல் அவர் படியிறங்கினதில்லை. சொன்னால் போவார். அப்புறம் வீட்டில் யார் இருப்பார்கள்? இவன் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிடுவான். புது வாசல், புது ஹால், வெயில், டிவி, அவள். அவள் சாயங்காலம் எங்கேயாவது போகலாம், கோயிலுக்கு, கடைக்கு, சும்மா ரோட்டின் முனை வரைக்கும். போனால் கதவைப் பூட்ட வேண்டும். பூட்டிவிட்டுப் போனால், உள்ளே யாரும் இல்லாத வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதற்கும், உள்ளே ஒருவர் இருக்கிற வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நடை வேறு மாதிரி இருக்கும். அவர் நடந்துவிட்டு வரும்போதெல்லாம் முகம் எவ்வளவு தெளிவாக இருக்கும். அது நடந்ததால் வந்த தெளிவு என்றுதான் அவள் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

"இரும்புதானே நாள்படும்?" என்றாள்.

"சந்தேகமே வேண்டாம்மா" என்றார் பிரிட்டோ. "கடப்பாறையால இடிச்சாலும் நெளியாது. வெளியிலேருந்து எவன் வந்தாலும் நடக்காது."

"உள்ளேருந்து?"

"என்னம்மா?"

"உள்ளேருந்து இடிச்சா?"

பிரிட்டோ சிரித்தார், அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். "உள்ளேருந்து யாரும்மா இடிக்கப்போறாங்க? ரெண்டு பக்கமும் ஒரே தகடுதான். வெளியே பூட்டிட்டீங்கன்னா உள்ளேருந்து சாவி இல்லாம திறக்க வராது. சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுல வேற மாதிரி பூட்டு போட்டுத் தருவோம். உங்க வீட்டுல..." என்று தயாநிதியைப் பார்த்தார். "அம்மா தனியாதான் இருப்பாங்க" என்றான் அவன்.

"இதையே போட்டுடலாம்" என்றாள் தனபாக்கியம்.

"சாவி செட்டா வரும் சார், உங்களுக்கு ஒண்ணு..." என்று பிரிட்டோ ஆரம்பிக்க, "எல்லாம் என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். தயாநிதி அவளைப் பார்த்தான். "நான் வந்தா?" என்றான். "தட்டு. நான் திறக்கிறேன்" என்றாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அதற்குள் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே அவள் பக்கம் திரும்பினான். "அம்மா, பூட்டு உயரம் வந்தாச்சாம். சாவி கிடைச்சுதா, பித்தளைப் பூட்டாச்சே, எடுத்து வச்சுக்கலாம்லன்னு கேக்குறாரு மேஸ்திரி. இல்லேன்னா அப்படியே மூடிடுவாராம்." கைப்பை அவள் தோளில் தொங்கியது. மூக்குக் கண்ணாடிக் கூடு, அதற்குள் சாவி, அதில் இன்னும் அரைஞாண் கயிற்றின் துணுக்கு. சுவர் இல்லாத கதவுகளுக்கு நடுவில் எங்கெங்கோ தட்டிக்கொண்டிருந்தார்கள். இருமல் சத்தம் ஒன்றும் கேட்டது, ஏசிக் கடையில் யாருக்கும் இருமல் வரும்.

"கிடைக்கலன்னு சொல்லு" என்றாள். "மூடச் சொல்லு."

தயாநிதி போனில் பேசிக்கொண்டே கல்லாப் பக்கம் நடந்தான். பிரிட்டோ நிலை அளவைச் சரிபார்க்க அவன் பின்னால் போனார். தனபாக்கியம் இரும்புக் கதவுக்கு முன்னால் தனியாக நின்றாள். வாங்குகிற பொருளைத் தட்டிப் பார்க்காமல் எப்படி வாங்குவது. பையைத் திறந்து, கூட்டைத் திறந்து, சாவியை எடுத்து அந்தத் தகட்டில் தட்டினாள். டக், டக். கெட்டிச் சத்தம். தட்டிவிட்டு, அவரைப் போல, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கதவுக்கு அந்தப் பக்கம், கூட வந்த யாரையோ கூப்பிடுகிற மாதிரி, ஓர் ஆண் குரல் "வா" என்றது.

அவள் சாவியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.